வயிற்றில் எரியும் விளக்கு

சுறா என்ற சொல் காதில் விழுந்ததுமே மூத்தவள் கையைத் தூக்கிவிட்டாள். மீதியைக் கேட்கவில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் இருந்த மாதிரிப் பட்டறை அது. செத்த பிராணியைப் பஞ்சடைத்து வைக்கிற வேலையெல்லாம் அங்கே கிடையாது. மெழுகு, கம்பி, பிசின், பெயிண்ட் இவற்றை வைத்து உயிருள்ளதைப் போலவே செய்வார்கள். பட்டறைத் தலைவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டதால் ஜன்னலோரம் இருந்த அவருடைய சுழல் நாற்காலி காலியாகக் கிடந்தது. அந்த நாற்காலியைத் துடைப்பதற்கென்றே மூத்தவள் வீட்டிலிருந்து தனியாக ஒரு துணி கொண்டு வந்திருந்தாள்.

இயக்குநர் மேடம் கையில் இரண்டு கோப்புகளோடு வந்து நின்றார்.

"புதுக் கூடம் திறக்கப் போறோம். வாசல்ல எதிரெதிரா ரெண்டு கண்ணாடிப் பெட்டி. ஒண்ணுல உலகத்துலயே ரொம்பச் சின்ன சுறாக்கள்ல ஒண்ணு. இன்னொண்ணுல..."

"சுறா எனக்கு மேடம்!"

"கோப்பைப் படிச்சுட்டுச் சொல்லலாமே?"

"சுறான்னா சுறாதானே மேடம். இதுல படிக்க என்ன இருக்கு?"

மேடம் மற்றக் கோப்பை இளையவளிடம் கொடுத்தார். "எது நல்லா வருதோ, அதைச் செஞ்சவங்கதான் இந்தப் பட்டறைக்கு அடுத்த தலைவர். நிர்வாகக் குழு வந்து பார்த்து முடிவு சொல்லும்."

இளையவள் வேறு யாருமல்ல, மூத்தவளின் ஓரகத்தி. மூத்தவள் கட்டிக்கொண்டது அண்ணனை, இளையவள் கட்டிக்கொண்டது தம்பியை. ஒரே வீடு, ஒரே அடுப்படி. 'வீட்ல சும்மாதானே இருக்கா, பெயிண்ட் டப்பா கழுவவாவது வரட்டும்' என்று பெரிய மனசு பண்ணி மேடத்திடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததே மூத்தவள்தான். டப்பா கழுவ வந்தவள் எப்போது தூரிகையைப் பிடித்தாள் என்பது பட்டறையில் யாருக்கும் சரியாக நினைவில்லை. மூத்தவளுக்கு மட்டும் நன்றாக நினைவிருந்தது.

மேடம் போனதும் மூத்தவள் கோப்பைத் திறந்தாள். வாய் பிளந்த சுறா, வரிசை வரிசையாகப் பல், அலறியடித்து ஓடும் குழந்தைகள் என்று மனசுக்குள் ஒரு படமே ஓடிக்கொண்டிருந்தது. கோப்பிலோ குட்டி விளக்குச் சுறா என்றிருந்தது. நீளம் ஒரு சாண். நிறம் பழுப்பு.

அச்சு வார்க்கிற மாவு அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எப்போதும் கையெல்லாம் வெள்ளை மாவாக இருப்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"என்னம்மா இது? சுறாவா, இல்ல குழம்புக்கு வாங்கினதா?"

"வேலையப் பாருங்கண்ணே."

"இல்ல, வாலைக் கிள்ளிட்டா சட்டியில போட்டுடலாம் போல இருக்கே, அதான் கேட்டேன்."

எதிர் மேசையில் இளையவள் தன் கோப்பை விரித்து வைத்திருந்தாள். தேனீ ஓசனிச்சிட்டு. உலகத்திலேயே மிகச் சின்னப் பறவை. கட்டைவிரல் அளவு உடம்பு. பூவுக்கு முன்னால் காற்றிலேயே நின்று தேன் குடிக்கும். ஆண் சிட்டின் கழுத்தில் செக்கச்சிவந்த ஒரு பட்டை, நெருப்புத் துண்டைக் கட்டிவிட்டது போல.

"அக்கா, உங்களுக்குச் சுறா வேண்டாம்னா மாத்திக்கலாமா?"

கேட்டது நல்ல மனசோடுதான். ஆனால் கேட்ட விதத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்ததாக மூத்தவளுக்குப் பட்டது.

"எனக்கு எதுக்குடி மாத்தணும்? உன் குருவிய நீயே வச்சுக்க."

*

வேலை நடக்க நடக்க மூத்தவளின் கண் தன் மேசையில் நிற்கவேயில்லை.

ஒருநாள் இளையவள் வந்து கேட்டாள். "அக்கா, கழுத்துச் சிவப்பு சரியா வரமாட்டேங்குது. என்ன கலர் அடிக்கலாம்?"

மூத்தவளுக்கு விஷயம் தெரியும். அந்தச் சிவப்பு சாயமே அல்ல. இறகு அடுக்கிய விதத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது பிறக்கிற நிறம். பார்ப்பவனின் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் நெருப்பு. கோணம் மாறிவிட்டால் அதே கழுத்து கரிக்கட்டை. எந்தப் பெயிண்டை அடித்தாலும் அது வராது.

"சிவப்புப் பெயிண்டையே ரெண்டு பூச்சு அடிடி. சரியாயிடும்," என்றாள்.

இளையவள் அடித்துப் பார்த்தாள். குங்குமம் கொட்டின மாதிரி இருந்தது. சுரண்டி எடுத்தாள். பிறகு எங்கிருந்தோ கண்ணாடி போன்ற பளபளத் தாள் வாங்கி வந்து, எள்ளளவு எள்ளளவாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து ஒட்ட ஆரம்பித்தாள். ஒட்டி முடித்து மேசை விளக்கைத் தன் தோளுக்குப் பின்னால் தூக்கிப் பிடித்த அன்று பட்டறையே எழுந்து ஓடி வந்தது. மாவு அண்ணன் கைமாவைத் துடைக்கக்கூட மறந்து நின்றார்.

"அடிப்பாவி, பத்திக்கிச்சுடி!"

மூத்தவளுக்கும் பற்றிக்கொண்டது. கழுத்தில் இல்லை, வயிற்றில்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு. மூத்தவளின் கணவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். மறந்துபோன சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்க ஒருநாள் மத்தியானம் அருங்காட்சியகத்துக்கு வந்தவன், பட்டறையில் சிட்டுக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டான். சீருடைத் தொப்பியைக்கூடக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"ஏங்க, நம்ம மீனு இந்தப் பக்கம்."

"எங்க?"

"உங்க மூக்குக்கு நேரா."

"ஓ, இதுவா? பாறைன்னு நெனச்சேன்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவன் சும்மா இருந்திருக்கலாம். "எம்மா, சின்னவ செஞ்ச குருவிய நீ வந்து பாக்கணும். ரெக்கை அடிக்கிற சத்தம்கூடக் கேக்குற மாதிரி இருக்கு," என்றான்.

மாமியார் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பெரியவ என்ன செஞ்சா?"

"சுறா."

"பெரிசா?"

"ஒரு சாண்."

மாமியார் யோசித்தார். "அது வளரும்மா. கவலைப்படாத."

இளையவளுக்குப் புரையேறியது. மூத்தவள் எழுந்து, தட்டைக் கழுவுகிற சாக்கில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

*

ஆனால் சுறாவிடமும் ஒரு சரக்கு இருந்தது. விளக்குச் சுறா என்ற பேர் சும்மா வரவில்லை. அதன் அடிவயிறு முழுக்கப் புள்ளி புள்ளியாக ஒளிரும். ஆழ்கடல் இருட்டில் தன் விளக்கைத் தானே ஏற்றிக்கொள்ளும் மீன் அது.

மூத்தவள் ஒளிரும் பெயிண்டை ஊசிமுனையில் தொட்டுத் தொட்டு வயிறெங்கும் புள்ளி வைத்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது, கண்ணில் நீர் வந்தது. அப்படியும் ஒரு புள்ளி பிசகவில்லை. அந்தப் பெயிண்ட் முதலில் வெளிச்சத்தைக் குடிக்க வேண்டும், அப்புறம்தான் இருட்டில் கக்கும். கூடத்து மேல்விளக்கு அடிவயிற்றை எட்டாது. அதனால் பெட்டிக்குள் சுறாவுக்கு அடியில், செய்த பாறைக்குள் வெளியே தெரியாமல் ஒரு சின்ன பல்பையும் பொருத்தினாள்.

சோதித்துப் பார்க்கச் சுறாவை அந்தப் பல்பில் காட்டிவிட்டுச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இருட்டில் அவள் உள்ளங்கைமேல் ஒரு நீல வானமே மிதந்தது. 'குருவிக்கு இன்னொருத்தன் விளக்குப் பிடிக்கணும். எனக்கு வேண்டாம்' என்று நினைத்துக்கொண்டாள். சுறாவுக்கு என்று நினைக்காமல் எனக்கு என்றா நினைத்தோம் என்று பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது.

கதவைத் திறந்தால் வெளியே இளையவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் கழுவாத தூரிகை. கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது.

"அழகா இருக்குக்கா," என்றாள். உதடு மட்டும்தான் சொன்னது. அந்த முகத்தை மூத்தவளுக்கு அடையாளம் தெரிந்தது. கொஞ்ச நாளாகத் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த முகம்தான் அது. அன்றைக்கு அவளுக்குச் சோறு நன்றாக இறங்கியது.

ஆனாலும் ஒரு வரி அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. கோப்பின் கடைசிப் பக்கத்தில், அந்த மீன் எதற்காக ஒளிர்கிறது என்று போட்டிருந்தார்கள். அழகுக்கு அல்லவாம். மேலிருந்து வருகிற மங்கல் வெளிச்சத்தோடு வயிற்று வெளிச்சம் கலந்துவிட்டால், கீழே இருப்பவன் கண்ணுக்கு மீனின் நிழல் தெரியாதாம். சிட்டு ஒளிர்வது எல்லாரும் தன்னைப் பார்க்க. சுறா ஒளிர்வது யாரும் தன்னைப் பார்க்காமல் இருக்க.

"எனக்குன்னு வாய்ச்சுதே," என்று கோப்பை மூடினாள்.

இரண்டையும் பெட்டியில் ஏற்றிய அன்று அலுவலகத்தார் எல்லாரும் வந்து பார்த்தார்கள். கூட்டம் சிட்டின் பக்கமே சாய்ந்தது. "இருங்க, லைட்ட அணைச்சுக் காட்டுறேன்" என்று மூத்தவள் சொல்லி வாய் மூடுவதற்குள் பாதிப் பேர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். மிச்சப் பேர் சிட்டோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நாற்காலி தன் கையை விட்டு மெல்ல உருண்டு போகிற சத்தம் மூத்தவளுக்குக் கேட்டது.

*

நிர்வாகக் குழு வருகிற காலையில் மூத்தவள் எல்லாருக்கும் முன்னால் கூடத்துக்கு வந்தாள். காவலாளி சலாம் வைத்தான்.

"என்னக்கா, இவ்ளோ சீக்கிரம்?"

"தூசு தட்டணும்ப்பா."

ஏணியை நகர்த்தி ஏறினாள். சிட்டின் மேல் விழுகிற குவிவிளக்கின் திருகைத் தளர்த்தி, விளக்கைச் சுவர்ப் பக்கம் லேசாகத் திருப்பி, மறுபடி முடுக்கினாள். கீழே இறங்கிப் பார்த்தாள். சிட்டின் கழுத்து கன்னங்கரேலென்று இருந்தது. யாரோ அடுப்பில் போட்டு எடுத்த குருவி மாதிரி.

அவசரத்தில் ஏணியைக்கூடத் தப்பான இடத்தில் வைத்தாள். தன் சுறாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றவேயில்லை. கொஞ்ச நாளாகவே அவளுக்குச் சுறாவைப் பார்க்க நேரமில்லை, எதிர்ப் பெட்டியைப் பார்க்கவே பொழுது சரியாக இருந்தது.

குழு வந்தது. குழுத் தலைவர் பருத்த மனிதர். நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்குவார். பின்னால் மேடமும், இன்னும் சில கோட்டுக்காரர்களும், கடைசியாகப் பட்டறை ஆட்களும் வந்தார்கள்.

"இதுதான் அந்தப் பறவையா?" தலைவர் குனிந்தார். "கழுத்து நெருப்பு மாதிரி இருக்கும்னு சொன்னீங்களே மேடம். இது நெருப்பு அணைஞ்சதுக்கு அப்புறமா?"

கோட்டுக்காரர்கள் சிரித்தார்கள். இளையவள் முன்னால் ஓடிவந்து பார்த்தாள். விரல்களைப் போட்டுப் பிசைந்தாள். மூத்தவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இனிக்கும் என்று நினைத்திருந்தாள். நாக்கில் வைத்ததும் ஒரு மாதிரி கசந்தது.

"சரி, அந்தச் சுறாவையாவது காட்டுங்க," என்றார் தலைவர்.

மூத்தவள் நிமிர்ந்தாள். "லைட்டெல்லாம் அணைப்பாங்க சார். அப்புறம் பாருங்க." காவலாளிக்குக் கையைக் காட்டினாள்.

கூடம் இருண்டது. எல்லாரும் காத்திருந்தார்கள். யாரோ இருமினார். எங்கேயும் நீலம் இல்லை, வானம் இல்லை, ஒன்றுமில்லை. வெறும் இருட்டு.

"எதைம்மா பாக்கணும்?" என்றது தலைவரின் குரல்.

மூத்தவள் இருட்டில் பெட்டியைத் தேடித் தடவினாள். பல்பு எரிந்துபோச்சா? பெயிண்ட் கெட்டுப்போச்சா? மாவு அண்ணன் இருட்டில் முணுமுணுத்தார். "சுறா தூங்குது போல."

"என் கால எவனோ மிதிக்கிறான்!" என்று தலைவர் சத்தம் போட்டார். "இருங்க, இருங்க." கைப்பேசி விளக்கைப் போட்டுக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழி தேடி அந்தப் பக்கமாகத் திரும்பினார்.

சிட்டின் கழுத்து பற்றி எரிந்தது.

இருட்டுக்கு நடுவில் அந்த ஒரு துளி நெருப்பு மட்டும். தலைவர் விளக்கை அசைத்தால் அணைந்தது, மறுபடி நேராகப் பிடித்தால் எரிந்தது. வெளிச்சம் அவர் கண்ணோரத்திலிருந்தே போனதால் நெருப்பு அவரைப் பார்த்தே திரும்பியது. சின்னப் பிள்ளை மாதிரி அணைத்து அணைத்து எரித்து விளையாடினார்.

"அடேயப்பா! நாம கொண்டு போற வெளிச்சத்துக்குத்தான் இது எரியுது. அதான் அந்த விளக்கைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்கீங்களா? பிரமாதம்! யாரோட யோசனை இது?"

மூத்தவளின் வாய் தானாகத் திறந்தது. 'நான்' என்று சொல்லிவிடலாமா? அடுத்தவள் பெட்டி விளக்கில் உனக்கென்ன வேலை என்று கேட்டால்? அவள் தயங்கிய அந்த ஒரு மூச்சுக்குள்...

"நான்தான் சார்," என்றாள் இளையவள்.

மூத்தவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏணி ஏறினது யார், திருகைத் தளர்த்தினது யார்? ஒரு மனுஷி ஒழுங்காகச் செய்த திருட்டைக்கூட இந்த வீட்டில் அவளே வைத்துக்கொள்ள முடியாதா?

தலைவர் அதே விளக்கோடு சுறாவின் பக்கம் வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே குனிந்து, கீழேயிருந்து அதன் வயிற்றில் வெளிச்சத்தைப் பாய்ச்சித் துழாவினார். "பாறைக்குள்ள என்னமோ துணி சுத்தி இருக்கே?"

மூத்தவள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். பாறைக்குள் இருந்த பல்பின் மேல் இறுக்கமாகச் சுற்றியிருந்தது கறுப்புத் துணி. அதன் ஓரத்துப் பச்சைத் தையலைக்கூட அவளுக்குத் தெரியும். வீட்டுக் கொடியில் வாரா வாரம் காய்கிற இளையவளின் பழைய பாவாடையின் உள்துணி.

சட்டென்று எல்லாம் புரிந்தது. திரும்பி இளையவளைப் பார்த்தாள். அந்த அரை இருட்டிலும் அவள் எச்சில் விழுங்குவது தெரிந்தது.

அதே நேரம் தலைவரின் கைப்பேசி விளக்கு அணைந்தது. வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும், அவர் கை போன தடத்திலேயே, சுறாவின் வயிறு நீலமாக விழித்துக்கொண்டது. இருட்டில் யாரோ விரலால் எழுதிய மாதிரி.

கோட்டுக்காரர்கள் கிட்டே வந்து குனிந்தார்கள்.

"இதுவும் நாமதான் ஏத்தி வைக்கணுமா!" என்றார் தலைவர் மெதுவாக. "அதுக்காகத்தான் அந்த பல்பை மூடி வச்சீங்களா? இது யாரு?"

இந்தத் தடவை மூத்தவள் மூச்சு விடக்கூட நேரம் எடுக்கவில்லை.

"நான்தான் சார். என் கையாலதான் சுத்தினேன்."

பின்னால் இளையவள் 'ஹக்' என்று ஒரு சத்தம் போட்டாள்.

விளக்குகள் எரிந்தன. மேடத்தின் கண் கலங்கியிருந்தது. "இவங்க தன் பறவையோட விளக்கைத் தானே திருப்பிட்டாங்க. அவங்க தன் சுறாவோட விளக்கைத் தானே மூடிட்டாங்க. ரெண்டும் ஒண்ணா நல்லா இருக்கணும்னு ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்திருக்கீங்க. உங்கள மாதிரி ஓரகத்திங்கள நான் பார்த்ததே இல்ல."

"நாங்களும் பார்த்ததில்ல மேடம்," என்றார் மாவு அண்ணன்.

வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு சின்ன விளக்கைக் கொடுத்து, கூடத்தை இருட்டாகவே வைத்துவிடுவது என்று முடிவானது. தலைமைப் பதவிக்குக் குழு ரொம்ப நேரம் பேசவில்லை. இரண்டுமே ஒன்றுக்கொன்று குறைச்சலில்லை என்பதால் பணிமூப்பைப் பார்த்தார்கள். நாற்காலி மூத்தவளுக்கு.

*

வீடு திரும்புகிற பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் வரை இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஜன்னல் ஒன்றுதான் இருந்தது.

"அந்தத் துணி என் பாவாடைக்கா," என்றாள் இளையவள் கடைசியில்.

"தெரியும். தையல் பிரிஞ்சது எந்த இடத்துலன்னு வரைக்கும் தெரியும்."

"ஏணிய எடுத்த இடத்துல வைக்கலையே நீங்க. காவலாளி திட்டிட்டிருந்தான்."

"நீ மட்டும் என்ன, முடிச்ச ஒழுங்காவா போட்ட? தொங்கிட்டிருந்துச்சு."

"நேத்து சாயங்காலம் அவசரமா சுத்தினேன்க்கா. நீங்க எப்ப வருவீங்களோன்னு பயம்."

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இளையவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஏண்டி, என் சுறாவ மூடணும்னு உனக்கு ஏன் தோணுச்சு? எல்லாரும் உன் குருவியத்தானே சுத்தி வந்தாங்க?"

"சாமான் அறையில பார்த்தேன்ல. என்னோடது கடையில வாங்கின தாளுக்கா. உங்களோடது ஒவ்வொரு புள்ளியும் கையால வச்சது. ரெண்டு ராத்திரி கண்ணு மூடல எனக்கு."

இறங்குகிற இடம் வந்ததும் மூத்தவள் இளையவளின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டாள். வீட்டு வாசலில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மாமியார் பார்த்தால் தப்பாக நினைத்துக்கொள்வார்.

கூடம் திறந்த நாளில் மூத்தவள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். துணியால் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே புதுக் கூடத்திலிருந்து ஜனங்கள் வரும் வழி நேராகத் தெரிந்தது. ஒரு சின்னப் பெண் அம்மாவின் கையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அந்தச் செகப்புக் குருவிய இன்னொரு தடவை பாக்கலாம்மா!"

மூத்தவள் நாற்காலியை வெடுக்கென்று சுற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுவரோரம் இளையவளின் மேசை. அவள் தலையைக் குனிந்து, அடுத்த மாதிரிக்கு எதையோ எள்ளளவு எள்ளளவாக நறுக்கிக்கொண்டிருந்தாள். என்ன அது? இவ்வளவு மெல்லிசாக வேறு யாரால் நறுக்க முடியும்?

"என்னடி செய்ற?"

"சொல்ல மாட்டேன்க்கா," என்றாள் இளையவள், கையால் மறைத்துக்கொண்டு. "தலைவி ஆனா மட்டும் எல்லாம் காட்டணுமா?"

நாற்காலியை இன்னும் கொஞ்சம் திருப்பினால் தெரியும். மூத்தவள் சத்தம் வராமல் காலால் தரையைத் தள்ளினாள்.